கிறிஸ்தவ ஆராதனை யாருக்கு, எதற்காக?

தமிழ்க் கிறிஸ்தவர்கள் மூன்று பேர் 'ஆராதனை' என்று சொன்னால் மூன்று வேறு காரியங்களைச் சொல்லக்கூடும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைக்காரருக்கு அது மணி அடித்ததிலிருந்து ஆயர் ஆசீர்வாதம் கூறும்வரை நடக்கும் முழு வழிபாடு. பெந்தெகொஸ்தே சபையில் பிரசங்கத்துக்கு முன் நடக்கும் பாட்டும் துதியும்தான் ஆராதனை. "ஆராதனை முடிஞ்சுது, இனி செய்தி" என்பார்கள். கத்தோலிக்கருக்கு உடனே நினைவுக்கு வருவது, கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணையை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை) வைத்து அதன்முன் முழந்தாளிடும் நேரம்.

இதனால் மேடை விளக்கு, டிரம்ஸ், மாதா சுரூபம், அந்நிய பாஷை (ஆவியின் ஏவுதலில் பேசும் புரியாத மொழி) என்று எதைப் பற்றிச் சண்டை வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் முன்பாகத் தீர்க்கவேண்டிய கேள்விகள் இரண்டு: ஆராதனை யாரை நோக்கிப் போகிறது? அதனால் ஆகவேண்டியது என்ன?

ஆராதனைக்குரியவர்

முதல் கேள்விக்கான விடை பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. கர்த்தரைத் தவிர வேறே தேவர்கள் இல்லை என்பது பத்துக் கட்டளைகளில் முதலாவது. வனாந்தரத்தில் சோதனைக்காரனிடம் இயேசு சொன்ன பதிலும் அதுவே (மத்தேயு 4:10). புதிய ஏற்பாடு இதில் சற்றும் விட்டுக்கொடுப்பதில்லை. ரோமப் படை அதிகாரி கொர்நேலியு காலில் விழுந்தபோது "நானும் ஒரு மனுஷன்தான்" என்று பேதுரு தூக்கிவிடுகிறார் (அப்போஸ்தலர் 10). லீஸ்திரா ஊரார் பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் தெய்வங்களாக எண்ணி எருதுகளோடும் பூமாலைகளோடும் பலியிட வந்தபோது, இருவரும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள் (அப்போஸ்தலர் 14). வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் தேவதூதனும் வேண்டாம் என்கிறான்.

ஆனால் உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்துச் சீடன் தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றபோது இயேசு மறுக்கவில்லை (யோவான் 20:28). தூதனே வாங்க மறுத்ததை அவர் வாங்கிக்கொள்கிறார். பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவக் கோட்பாடு மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுந்த ஒன்று என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பது நல்லது. சபை முதலில் கிறிஸ்துவைத் தொழுதது. அது எப்படிச் சரியாகும் என்ற விளக்கம் பின்னால் வந்தது. வெளியாரின் சாட்சியும் உண்டு. இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, சுமார் கி.பி. 112-இல் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த ஆட்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து மாறிமாறிப் பாடுகிறார்கள் என்று அறிக்கை கொடுக்கிறார்.

விளக்கம் பிறகு படிப்படியாகக் கூர்மையானது. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியூஸின் தரப்பினர் குமாரனைப் படைப்பு என்றார்கள், ஆனால் தொழுவதை விடவில்லை. அப்படியானால் நீங்கள் படைப்பைத் தொழுகிறீர்கள் என்று அலெக்சாந்திரியாப் பேராயர் அத்தனாசியூஸ் பின்னாளில் மடக்கினார். ஏற்கெனவே 325-இல், பேராயர்கள் கூடிய நிசேயா சங்கம் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிவித்திருந்தது. அடுத்த பிரச்சினை ஆவியானவரைப் பற்றியது. அது வெடித்தது ஒரு துதி வாக்கியத்தில். கப்பதோக்கியாவின் செசரியாவில் பேராயராக இருந்த பசிலியூஸ், "குமாரன் வழியாக, ஆவியில் பிதாவுக்கு மகிமை" என்ற வழக்கமான வாக்கியத்தோடு, "குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும்கூடப் பிதாவுக்கு மகிமை" என்றும் சொன்னார். புதிதாக எதையோ நுழைக்கிறார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குப் பதிலாக சுமார் 375-இல் அவர் ஒரு நூலே எழுதினார்: தேவன் நம்மிடம் வரும் வழியையும் நாம் அவரிடம் போகும் வழியையும் முதல் வாக்கியம் சொல்கிறது, மூவருக்கும் உள்ள சம மகிமையை இரண்டாவது சொல்கிறது, இரண்டும் வேண்டும். 381-இல் கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கம், பிதாவோடும் குமாரனோடும்கூடத் தொழப்பட்டு மகிமைப்படுத்தப்படுகிறவர் என்று ஆவியானவரைப் பற்றி விசுவாசப் பிரமாணத்தில் சேர்த்தது. திருவிருந்து வழிபாட்டில் இன்றும் சபை நின்றபடி சொல்லும் வரி அது.

ஜெபத்தின் முகவரி

பசிலியூஸ் பிரித்துக் காட்டிய அந்த இரண்டு வாக்கியங்களும் ஞாயிறு காலை ஜெபம் செய்பவருக்கு நேரடியாக உதவுபவை. பழைய சபை ஜெபங்களில் பெரும்பாலானவை பிதாவை அழைத்துத் தொடங்கி, "இயேசு கிறிஸ்துவின் மூலமாக" என்று முடியும். பீடத்தில் சொல்லும் ஜெபம் எப்போதும் பிதாவையே நோக்கியிருக்க வேண்டும் என்று 397-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் விதியே வகுத்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை மன்றாட்டு "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று முடிவதும் அதே வடிவம். கிறிஸ்துவை நேரே அழைப்பது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் சாகும்போது "கர்த்தராகிய இயேசுவே" என்றுதான் அழைத்தார்.

சிக்கல் வருவது முகவரி நடுவழியில் மாறும்போது. "பரலோக பிதாவே" என்று தொடங்கும் தன்னிச்சை ஜெபம், மூன்றாவது வாக்கியத்தில் "எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று போவதை எந்தச் சபையிலும் கேட்கலாம். பிதா சிலுவையில் மரிக்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்று போதித்த பிரக்சேயாஸ் என்பவர் மீது வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் வைத்த குற்றச்சாட்டே, இவர் பிதாவைச் சிலுவையில் அறைந்துவிட்டார் என்பதுதான். இன்று அப்படி ஜெபிப்பவருக்கு அந்த உபதேசம் கிடையாது; வாய் பழகிப்போனதுதான் காரணம். ஆனால் பத்து வருஷம் அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குப் பிதா, குமாரன், ஆவி என்பவை ஒரே ஆளின் மூன்று பெயர்களாகத்தான் மனதில் தங்கும். திருத்துவது எளிது. ஜெபத்தைத் தொடங்குமுன் யாரை அழைக்கப்போகிறோம் என்று முடிவு செய்து, கடைசிவரை அவரிடமே பேசினால் போதும்.

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. எபிரெயர் நிருபம் கிறிஸ்துவைப் பரலோகத்தின் மெய்யான கூடாரத்தில் ஆசாரிய ஊழியம் செய்கிறவராகக் காட்டுகிறது (8:1-2). தொழப்படுகிறவரே தொழுகையை முன்நின்று நடத்துகிறவரும் ஆகிறார். சபை அவருடைய ஜெபத்தில் சேர்ந்துகொள்கிறது. அந்த அர்த்தத்தில் 'ஒர்ஷிப் லீடர்' பதவி ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மைக் பிடிப்பவர் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். அவருடைய வேலை சபையைப் பாட வைப்பது.

மாதா, புனிதர், நற்கருணை

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதிகக் குழப்பம் இங்கேதான். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் இரண்டு நிலைகளைப் பிரித்தது: ஆராதனை தேவனுக்கு மட்டும், படங்களுக்கும் புனிதர்களுக்கும் கொடுப்பது வணக்கம், அதுவும் படத்தில் இருப்பவரைச் சென்று சேர்வது. கத்தோலிக்கப் போதனை மரியாளுக்கு மற்றப் புனிதர்களைவிட உயர்ந்த வணக்கம் உண்டு என்கிறது, ஆனால் ஆராதனை கிடையாது. செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருநாளில் லட்சக்கணக்கானோர் மாதாவைத் தேடி வந்தாலும், பீடத்தில் வாசிக்கப்படும் திருப்பலி மன்றாட்டு தந்தையை நோக்கியது.

சீர்திருத்தச் சபைகள் இந்தப் பிரிப்பை ஏற்கவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்குப் புத்தகம் போலப் படங்களை ஆலயத்தில் வைக்கலாமா என்று கேட்டு, கூடாது என்று பதில் சொல்கிறது 1563-இன் ஹைடல்பெர்க் வினாவிடை. ஏட்டில் பிரித்தாலும் மெழுகுவர்த்தியோடு சுரூபத்தின் முன் நிற்பவரின் மனதில் அது நிலைப்பதில்லை என்பது அவர்கள் வாதம். வாதத்தில் சாரம் உண்டு என்று பல குருக்களே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதே கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். சுரூபமே இல்லாத சபையில் ஊழியக்காரரின் ஆளுயரப் படம் மேடைக்குப் பின்னால் நிற்பதும், எண்ணெய்ப் பாட்டிலில் அவர் பெயர் அச்சாவதும் எந்த வகை வணக்கம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நற்கருணை ஆராதனை விஷயம் வேறு. அங்கே இரு தரப்பும் கிறிஸ்துவைத்தான் தொழவேண்டும் என்கிறார்கள். சர்ச்சை அவர் அப்பத்தில் எப்படி இருக்கிறார் என்பதில். அப்பம் கிறிஸ்துவின் சரீரமாகவே மாறுவதால் அதற்கு ஆராதனை தகும் என்று 1551-இல் திரெந்து சங்கம் அறிவித்தது. அதை எடுத்துச்செல்லவும் உயர்த்தவும் தொழவும் கிறிஸ்து நியமிக்கவில்லை என்று ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது விதிகளில் 28-ஆவது கூறுகிறது. "அப்பத்தைக் கும்பிடுகிறார்கள்" என்ற ஏச்சு இந்த விவாதத்தின் மையத்தைத் தொடுவதேயில்லை.

எதற்காக?

தேவனுக்குத் தேவை இருப்பதால் அல்ல. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே" என்கிறது 50-ஆம் சங்கீதம். ஊற்றில் தண்ணீர் குடித்தவன் ஊற்றுக்கு உபகாரம் செய்ததாகச் சொல்லமாட்டான் என்று அகுஸ்தீன் எழுதினார். ஆராதனையால் தேவனுக்குக் கூடுவது ஒன்றுமில்லை. உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வதுதான் அவரை மகிமைப்படுத்துவது.

பலன் முழுக்க மனிதனுக்கு. 1647-இல் முடிந்த, பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையின் முதல் பதில், மனிதனின் தலையாய நோக்கம் தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும் என்கிறது. கேள்வி ஒரே நோக்கத்தைக் கேட்கிறது. பதில் இரண்டைச் சொல்லி ஒன்றாகவே கருதுகிறது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடும் தேவனுக்கு மகிமை, மனிதருக்குப் பரிசுத்தம் என்ற இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே வைக்கிறது.

வரிசைதான் முக்கியம். ஆறுதல், சுகம், மனநிறைவு, கூடி இருக்கும் பலம் எல்லாம் ஆராதனையில் கிடைப்பவை. அவற்றையே நோக்கமாக வைத்தால் கணக்கு மாறுகிறது. கண்ணீர் வந்தால் நல்ல ஆராதனை, வராவிட்டால் ஆவியானவர் இல்லை என்று ஆகிறது. அடுத்த வாரம் கண்ணீர் வரவைக்க என்ன செய்யலாம் என்று இசைக்குழு யோசிக்கத் தொடங்குகிறது: கீபோர்டில் மெதுவாக நீண்டு ஒலிக்கும் ஒரு பேட், ஒரே பல்லவி பன்னிரண்டு தடவை, விளக்கு மங்கல். எல்லாம் பலிக்கும், ஏனென்றால் மனித உடம்பு அப்படிப்பட்டது. சினிமா அரங்கிலும் அதே உத்தி பலிக்கிறது. உணர்ச்சி தவறில்லை. சங்கீதங்கள் அழுகின்றன, கத்துகின்றன, கைதட்டுகின்றன. ஆனால் அவை யாரிடம் எதற்காக அழுகிறோம் என்பதை வரிக்கு வரி சொல்கின்றன.

பொருத்தனையிலும் இதே கோளாறு. வேலை கிடைத்தால் இவ்வளவு காணிக்கை என்ற பேரம், தேவனைத் தேவையுள்ளவராக்கி விடுகிறது.

யார் யாரிடம் பேசுகிறார்கள்?

ஞாயிறு வழிபாட்டின் மிகப் பழைய விரிவான வர்ணனை, ரோமில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் சுமார் 155-இல் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் கிடைக்கிறது. அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் அனுமதிக்கும்வரை வாசிக்கப்படும். நடத்துபவர் புத்தி சொல்வார். எல்லாரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படும். நடத்துபவர் ஸ்தோத்திரம் செலுத்த, மக்கள் "ஆமென்" என்பார்கள். வராதவர்களுக்கு உதவிக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த வரிசையில் பாட்டு தனியாகச் சொல்லப்படவில்லை. பாடல் இல்லாமல் இல்லை, அதே நூலில் வேறு இடத்தில் துதிப்பாடலைக் குறிப்பிடுகிறார். ஆனாலும் பாட்டுதான் ஆராதனை என்ற எண்ணத்தோடு படித்தால் வியப்பாகத்தான் இருக்கும்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில் இந்தப் பழைய எலும்புக்கூட்டைத்தான் மீட்டெடுத்தது. அதைத் திசை குறித்துப் படித்தால் இப்படி வரும்:

1. ஆயத்தம்: வேதாகமம் உள்ளே கொண்டுவரப்படுகிறது, சபை பாவ அறிக்கை செய்கிறது (மக்கள் தேவனிடம்), பாவமன்னிப்பு கூறப்படுகிறது (தேவன் மக்களிடம்).
2. வசன ஊழியம்: பாடங்கள், பிரசங்கம் (தேவன் மக்களிடம்), விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு (மக்கள் தேவனிடம்).
3. சமாதானம்: கைகளைக் கைகளுக்குள் வைத்து ஒருவர் ஒருவருக்குக் கடத்துவது (மக்கள் மக்களிடம்). சிரியச் சபைகளின் வழக்கத்திலிருந்து எடுத்தது.
4. அப்பம் பிட்குதல்: ஆயர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நின்று ஸ்தோத்திர ஜெபம் சொல்ல, மரணத்தை நினைவுகூர்ந்து, உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டு, வருகைக்குக் காத்திருக்கிறோம் என்று சபை பதில் கொடுக்கிறது.

மூன்று திசைகளில் ஏதாவது ஒன்று முழுவதும் காணாமல்போனால் ஒழுங்கு நொண்டும். தேவன் பேசும் இடம் போனால் அது நம் உணர்ச்சி வெளியீடு. மக்கள் பதில் சொல்லும் இடம் போனால் அது சொற்பொழிவு.

ஆள் சரி, முறை தவறு

பொற்கன்றுக்குட்டிக் கதையில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. கன்றைச் செய்து முடித்ததும் ஆரோன், "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்று கூறுகிறான் (யாத்திராகமம் 32:5). வேறு தேவனுக்கு என்று அவன் சொல்லவில்லை. பெயர் சரியாக இருந்தும் அவரை நம் வசதிக்கேற்ற உருவாக்கினால் அது விக்கிரக ஆராதனையே.

கொரிந்துவில் முறை கெட்டது வேறு விதம். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடிவந்து செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 11:20). தமிழ்நாட்டுச் சபைக்கு இது நேராக வந்து விழும் வசனம். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் ஆலயம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டபோது சாதிப்படி மக்களைப் பிரிக்கவே இரு கூடங்களாக அமைந்தது. நடுச்சுவர் அகற்றப்பட்டது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுவதுமாகவும் விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் எதிர்ப்பு கிளம்பியது. சபையின் இருக்கை முறையும் கிண்ணத்தில் யார் முதலில் குடிப்பது என்பதும் நிர்வாக விஷயங்கள் அல்ல. பவுலின் கணக்கில் அவைதான் திருவிருந்து நடந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. தீர்க்கதரிசி ஆமோஸ் இன்னும் கடுமை: நியாயம் இல்லாத ஊரின் பாட்டு இரைச்சலை அகற்று, உன் தம்புருக்களின் ஓசையைக் கேட்கமாட்டேன் என்கிறார் தேவன்.

உங்கள் சபையின் ஒழுங்கைச் சோதிக்க

சமீபத்திய நான்கு ஞாயிறுகளின் பாட்டுப் பட்டியலையும் ஒழுங்குத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே யாரை நோக்கியது என்று எழுதுங்கள்: பிதா, குமாரன், ஆவி, சபை, தன் ஆத்துமா. எல்லாம் ஒரே பத்தியில் விழுந்தால் சரிசெய்யுங்கள். 'நான், எனக்கு, என்னை' மிகுந்து, தேவன் செய்தது என்ன என்று ஒரு வரியும் இல்லாத பாட்டைத் தனியே குறியுங்கள்.
2. வேதம் வாசிக்கும் நிமிடங்களை அளங்கள், அறிவிப்பு நிமிடங்களையும் அளங்கள். இரண்டாவது கூடுதலாக இருக்கும் சபைகள் ஏராளம்.
3. மன்றாட்டில் சபைக்கு வெளியே உள்ளவர்கள் வருகிறார்களா? ஆட்சியாளர் உட்பட எல்லா மனிதருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 2.
4. மேல் ஸ்தாயியின் டி (D) சுரத்தைத் தாண்டும் பாட்டில் சபையின் பலர் வாயை மூடிக்கொள்வார்கள். பாடகரின் குரலுக்கு வைத்த ஸ்கேலை இரண்டு மூன்று சுரம் இறக்குங்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பாடுவது கேட்காவிட்டால் சத்தத்தைக் குறையுங்கள்.
5. அந்நிய பாஷை உண்டென்றால் 1 கொரிந்தியர் 14-இன் அளவு: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் மௌனம். காரணமும் அங்கேயே இருக்கிறது: புரியாத ஸ்தோத்திரத்துக்கு மற்றவன் எப்படி ஆமென் சொல்வான்?
6. காணிக்கை எங்கே போகிறது? யுஸ்தீன் காலத்தில் மனமுள்ளவர்கள் கொடுத்தது நடத்துபவரிடம் சேர்ந்து, அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊருக்கு வந்த அந்நியர் ஆகியோருக்குப் போனது. எபிரெயர் 13:15-16 உதட்டின் துதியையும் உள்ளதைப் பகிர்வதையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் பலி என்றே அழைக்கிறது. வருடாந்தர வரவுசெலவுத் தாளில் இந்த ஐந்து பேருக்கும் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். ஒலிபெருக்கி, மேடை, கட்டடத் தலைப்புகளுக்குப் பக்கத்திலேயே அந்தத் தொகையையும் எழுதி, சபைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.